தலையெழுத்தும் தண்டியடிகள் கட்டிய கயிறும்

சிவமயம்

பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளிலே நம் வித்தியாசாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் வார்த்தையொன்று உண்டு. "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்பதே அது. தவறிய மாணாக்கனுடைய தந்தையார் அதனைச் சொல்லுகின்றார், ஆசிரியரும் தலையசைக்கின்றார், கேட்டு நிற்கும் சிறுவனும் அதனைத் தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாகவே கொண்டு வீடு செல்லுகின்றான். சைவசமயிகளாகிய நாம் வினையுண்டென்று நம்புகின்றோமாதலின், இவ்வார்த்தை நம் சமயக்கொள்கையோடு பொருந்துவதென்றே பலர் எண்ணுகின்றனர். பொருந்தாதென்பதே நம் துணிபு.

வினை மூவகைப்படும். முன்னர் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதினின்றும் இப்பிறப்பில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் நாம் புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். தலையெழுத்தைச் சொல்லி அமைவோர் இடைநின்ற ஒன்றை மாத்திரம் பற்றிக்கொண்டு, இறுதியில் உள்ளதை மறந்தனர். நேற்று விதைத்ததே இன்று விளைந்ததென்று ஒப்புக்கொள்பவன், இன்று விதைப்பதே நாளை விளையுமென்பதை எங்ஙனம் மறுப்பான்? வினைக்கொள்கை மனிதனைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதன்று. பொறுப்பு முழுவதையும் அவன் கையிலே கொடுப்பது. திருவள்ளுவரும் 38 ஆம் அதிகாரத்தில் ஊழின் வலியைக் கூறிய பின்னரும், 62 ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கென்றே வகுத்தார்.

அன்றியும், ஒருவனது பிராரத்தம் இத்துணையதென்று அது நுகர்ந்து முடியுமுன் அறிந்தவர் யாவர்? பத்து வயதுச் சிறுவனொருவன் கணக்கிலே பிழைவிட்டமை கண்ட அளவில் அவன் தலையெழுத்தை வாசித்துவிட்டோமென்பது, சிவபெருமான் ஒருவரே அறிவதை நாமும் அறிந்தோமென்று சொல்லுதலேயாம். இது பத்தியன்று, சோம்பல் பத்தியின் உடையை உடுத்து வருவது.

தலையெழுத்தென்று சொல்லி இருந்துவிடுதற்கு உரிமையுடையார் ஒருவர் உளராயின், அவர் திருவாரூர்த் தண்டியடிகளே. பிறவியிலேயே கண்ணில்லாதவர். அவர் தம் குறையை நினைந்து திருக்கோயில் வாயிலிலே அமர்ந்திருந்தால் குறைகூறுவார் இலர். ஆனால், கோயிலின் மேல்பாலுள்ள திருக்குளம் இடங்குறைந்து தூர்ந்துபோயிற்றென்று அறிந்தபொழுது, அதனைக் கல்லுதல் தம் கடனென்று துணிந்தார். காணாதார் எவ்வாறு கல்லுவது? குளத்தினுள்ளே மண்ணெடுக்கும் இடத்தில் ஒரு தறியும், மண்கொட்டும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையிலே நிரப்பி, அதனையே தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டினார். திருவைந்தெழுத்து நாவிலே, கூடை தலையிலே. தடுத்தோரும் இகழ்ந்தோரும் உளர். மண்வெட்டியையும் தறியையும் கயிற்றையும் பறித்தோரும் உளர். பின்னர்த் திருவருளாற் கண்பெற்றாரென்பதைச் சேக்கிழார் சுவாமிகள் விரித்துரைப்பர்.

இச்சரித்திரத்தை நாம் குருபூசைதோறும் சொல்லுகின்றோம். சொல்லும்பொழுது கண்பெற்ற அற்புதத்தையே நீட்டிச் சொல்லி, கயிறு கட்டிய செய்தியை இரண்டு வாக்கியத்திலே முடித்துவிடுகின்றோம். பிள்ளைகளுக்கு வேண்டுவதோ கயிறு. அடிகள் கண் கிடைத்த பின்னர்க் கல்லத் தொடங்கினாரல்லர். கல்லிக்கொண்டிருந்தவருக்கே கண் கிடைத்தது. முயற்சி வேறு, அருள் வேறு என்று பகைப்பித்துப் பேசுவோருக்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ? வேண்டுமாயின் திருவீழிமிழலைக்குச் செல்க. பஞ்சகாலத்திலே இறைவர் நாடோறும் இருவருக்கும் படிக்காசு அருளினார். நாவுக்கரசருக்குக் கிடைத்தது வாசியில்லாத நற்காசு. சம்பந்தப்பிள்ளையாருக்குக் கிடைத்ததோ வட்டங்கொடுத்து மாற்றவேண்டிய காசு. காரணம், நாவுக்கரசர் செய்த கைத்தொண்டு. உழவாரப்படைக்கு இறைவர் இட்ட மதிப்பு அது.

இனி, நம் பிழையொன்றையும் சொல்லுதல் முறை. நாம் கற்பித்த வகுப்பொன்றிலே பின்வாங்கில் இருந்த சிறுவனொருவன் எழுதுவதெல்லாம் அயலவன் கொப்பியைப் பார்த்தே எழுதுவான். சோம்பேறியென்று கண்டித்தோம், முயற்சியின் பெருமையைப் பலமுறை பிரசங்கித்தோம், ஈற்றில், படிப்பு இவனுக்கு விதிக்கப்படவில்லையென்று கைவிட்டோம். உடனாசிரியர் ஒருவர் அவனை முன்வாங்கில் இருத்திப் பார்த்தார். கரும்பலகை அவனுக்குத் தெரியவில்லையென்பது அன்றுதான் வெளியாயிற்று. ஈராண்டு அவன் நம் முன்னிலையில் இருந்தான். குருடர் அவன் அல்லர், நாமே.

ஆதலின், முயற்சியைப் போதிப்போர் ஓர் அபாயத்தை அறிதல் வேண்டும். "தலையெழுத்து" என்பது எவ்வளவு எளிதிற் கிடைக்கும் சாக்கோ, "நீ முயலவில்லை" என்பதும் அவ்வளவு எளிதிற் கிடைக்கும் சாக்கே. முன்னது பழியை விதியின்மேல் ஏற்றும். பின்னது பிள்ளையின்மேல் ஏற்றும். இரண்டிலும் தப்புபவர் ஆசிரியர். மண்சுமக்க வேண்டியவன் மாணாக்கனே; அவனுக்காக நாம் சுமத்தல் ஆகாது. ஆயினும், தண்டியடிகள் தமக்குத் தாமே கட்டிய கயிற்றைச் சிறுபிள்ளை தானே கட்டிக்கொள்ளுமோ? உண்ணாது வந்தானா, உறங்காது வந்தானா, கண் தெரிகின்றதா, முன்வகுப்பிற் கற்க வேண்டியது தவறிப்போயிற்றா என்று உசாவி அறிதல் நம் கடன்.

ஆறுமுகநாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது இருபத்தாறு வயது நிரம்பாதவர். ஊதியந்தந்த ஆசிரியத்தொழிலையும் அவ்வாண்டிலேயே விட்டார். சைவப்பிள்ளைகளுக்கேற்ற வாசிப்புப் புத்தகம் இல்லை. அச்சிடுதற்குத் தமக்கென ஓர் யந்திரமும் இல்லை. மறுவருஷமே சென்னபட்டணஞ் சென்று அச்சியந்திரங் கொணர்ந்தார். பாலபாடங்களைத் தாமே எழுதினார். அவையெல்லாம் கயிறுகளே. அவற்றைப் பற்றிக்கொண்டு இறங்கிய பிள்ளைகள் எத்தனை தலைமுறையினர்!

நம் சிறுவன் மூக்குக்கண்ணாடி இட்டுக்கொண்ட பின்னரும் அவ்வருஷ ஈற்றிலே வகுப்பில் முதல்வனாகவில்லை. ஈராண்டுப் பாடம் ஒருநாளில் வாராது. பாடசாலை விட்டபின் நாடோறும் அரைமணிநேரம் அவன் நம்முடன் இருந்தான். மார்கழி வருமுன், பின்னக் கணக்குகளை எவர் கொப்பியையும் பாராமற் செய்தான்.