வடபுல நாயும் நம் அருளும்

சைபீரியப் பனிவெளியில் சுக்சி மக்கள் வண்டியிழுக்க வளர்த்த இனம் ஹஸ்கி. கைவிடப்பட்ட ஹஸ்கியொன்றைப் பருத்தித்துறையில் ஏற்று வளர்த்தல் அறமாகுமா? இரட்டை உரோம அடுக்குடைய அந்நாய் மூச்சிரைத்தே உடல்வெப்பம் தணிக்கும். கடற்காற்றின் ஈரமோ அதனையும் தடுக்கும். அழகுக்காக விலைகொடுத்து வாங்கியவரின் ஆசையே முதற்பிழை. அப்பிழைக்கு நாய் பொறுப்பன்று. ஆதலின் ஏற்பது கடனே.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. எவ்வுயிர்மேலும் செல்வது அருள். தெருநாய்களுக்கென இயக்கச்சியில் அமைந்த சிவபூமி சரணாலயத்தை எட்டியும் பாராதவர், நீலக்கண் கண்டு உருகுவது எவ்வகை? அதனை அருளென்று கூற யான் துணியேன். வாங்கியவரின் ஆசைதான் அங்கே வேறு பெயர் பூண்டுள்ளது. நண்பகற் குளிர்நிழலும் விடியற்கால நடையும் அளிக்க இயலாதவர், இயன்றவரிடம் அந்நாயை ஒப்படைத்தலே தகும்.