மயில் தேறிய பிறகு

பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தின்ற மயிலுக்கு வாயில் எச்சில் வடியும், கழுத்து துவளும், கால் தரிக்காது. வரப்பில் அப்படிக் கிடப்பதைப் பார்த்தவர் அதைத் தூக்கி வந்து திண்ணையில் கிடத்துவது இயல்பு. அந்த நேரத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று யோசித்து நிற்பது அறமாகாது. தூக்கி வந்த பிறகு என்ன என்பதில்தான் சிக்கல்.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கைக்கு வந்த மயிலைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். உயிர் காத்தவரைக் குற்றவாளியாக்கும் விதி என்று பலர் கொதிக்கிறார்கள். ஆனால் வீட்டு வைத்தியமே மயிலைக் கொன்றுவிடும். துவண்டு கிடக்கும் பறவைக்குத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சில பூச்சிமருந்துகளுக்கு முறிவு அட்ரோபின் ஊசி; அதன் அளவு கால்நடை மருத்துவருக்குத்தான் தெரியும். கோழி மேயும் கொல்லையில் விட்டாலோ, கோழியைப் பெரிதாக வாட்டாத ஒட்டுண்ணி மயிலின் ஈரலை அரித்துவிடும். சுற்றி நின்று பிள்ளைகள் படம் எடுத்தால் பயத்திலேயே உயிர் போகலாம். இருட்டான, சந்தடியில்லாத ஒரு மூலைதான் முதலுதவி.

பிழைத்த பிறகு வருவது இன்னும் கடினமான கட்டம். கூப்பிட்டால் வருகிறது, கையிலிருந்து கம்பு கொத்துகிறது. குஞ்சாக இருந்தால் வளர்ப்பவரையே தாயென்று நம்பிவிடும். மனிதரையும் நாயையும் கண்டு ஒதுங்கத் தெரியாத மயில் வெளியே எத்தனை நாள் தாங்கும்? அந்த ஒட்டுதல் நமக்கு இனிக்கிறது. விலை கொடுப்பது மயில்.

உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் கால் ஒடிந்த சாரஸ் கொக்கை ஒருவர் தேற்றினார். கட்டிப்போடாமலே அது அவரோடு தங்கியது, வண்டியில் போனால் கூடவே பறந்தது. 2023இல் வனத்துறை அதைப் பிரித்தெடுத்து, கடைசியில் கான்பூர் விலங்குக் காட்சிசாலையில் வைத்தது. அந்தப் பறவைக்கு நன்மை நடந்தது என்று மனசாட்சியுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கொடுமைக்கு வேர் தாமதம். முதல் சில நாட்களிலேயே கைமாறியிருந்தால் இரு பக்கமும் இவ்வளவு வலித்திருக்காது.

பழநி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்த மயிலை அவன் அரண்மனைக்குக் கொண்டுபோனதாகக் கதை இல்லை. அவன் கொடையில் நமக்கு மிகவும் தேவையான பகுதி அதுதான்.

ஒப்படைக்கச் சொல்வது எளிது. தகவல் சொன்னால் வழக்கு வருமோ என்று அஞ்சியே, குறிப்பாகப் பயிரை மயிலுக்குப் பறிகொடுத்த விவசாயிகள், வாய் திறப்பதில்லை. கொண்டு வந்தவரைச் சந்தேகத்தோடு விசாரிக்காமல், பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகமே மயிலை வாங்கிக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லட்டும். மக்களிடம் 48 மணி நேரக் கடமையைக் கேட்கும் அரசு இந்த ஏற்பாட்டை முதலில் செய்து தர வேண்டும்.