ஓசை எழும் இடம்

பழுதுற்ற பொருள் ஒன்று கைக்கு வரும்போது நம் முன் இரு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, அதனை அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. மற்றொன்று, திறந்து பார்த்துச் செப்பனிடுவது. இவ்விரண்டனுள் எது அறம்? இது பட்டறைக்குரிய கேள்வி என்று சிலர் கருதலாம். வகுப்பறைக்கும் உரியதே என்பதை ஒரு பழைய பிக்கப் வண்டி எனக்கு உணர்த்திற்று.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அன்பர் ஒருவர் காய்கறி வாணிகம் செய்பவர். அவருடைய பிக்கப் முப்பதாண்டு கண்டது. விளையாட்டு விழா வந்தால் பள்ளியின் நாற்காலிகள் ஏறுவதும் அதில்தான். அண்மையில் அவ்வண்டி, இரண்டாம் கியருக்கு மாற்றும்போதெல்லாம் நறநறவெனப் பல்லைக் கடித்தது. கியர் பெட்டி கெட்டுவிட்டது, பழைய சாமான் கடையில் வேறொரு பெட்டி வாங்கி மாற்றிவிடலாம் என்று அன்பர் முடிவு கட்டிவிட்டார். பட்டறைக்கு நானும் உடன் சென்றேன்.

பட்டறைக்காரர் முதியவர். அவர் உடனே கியர் பெட்டியைக் கழற்ற முற்படவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். அதுவும் கரகரத்தது. பின்னர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அன்பரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லித் தாம் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். கிளட்சின் கீழ்ப் பம்பிலுள்ள தண்டு, நகர வேண்டிய தொலைவு நகரவில்லை. மேல் பம்பில் எண்ணெய் கசிந்திருந்தது.

"ஐயா, சத்தம் வர்ற இடம் வேற, கோளாறு இருக்கிற இடம் வேற" என்றார் அவர்.

அதன் பொருளைப் பின்னரே அறிந்தேன். கியர் பெட்டிக்குள் ஒவ்வொரு வேகத்திற்கும் ஒரு பித்தளை வளையம் உண்டு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புகள் இணைய வேண்டுமானால், முதலில் அவை ஒரே வேகத்தை அடைதல் வேண்டும். எஃகினும் மென்மையான அவ்வளையம் உராய்ந்து, அவ்வேகங்களை ஒன்றாக்கிய பின்னரே பற்கள் ஓசையின்றிப் பொருந்துகின்றன. 1928ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் இவ்வமைப்பு அறிமுகமாயிற்று. கிளட்ச் முற்றிலும் விலகும்போதுதான் வளையம் தன் பணியைச் செய்ய இயலும். விலகாவிடில், இயந்திரத்தின் முழு ஆற்றலையும் எதிர்த்து அச்சிறு வளையம் போராட வேண்டியதாகிறது, தேய்கிறது, இறுதியில் அலறுகிறது. அலறல் கேட்ட நாம் பெட்டியைப் பழிக்கிறோம்.

பம்பைச் சீர்செய்த பின்னரே பெட்டி இறக்கப்பட்டது. வடித்த எண்ணெயில் பித்தளைத் துகள் மின்னியது. வளையத்தின் உட்புறத்து நுண்வரிகள் மழுங்கி வழவழப்பாகியிருந்தன. வளையங்களும் தேய்ந்த ஒரு பேரிங்கும் மாற்றப்பட்டன. அன்பர் எண்ணியவாறு வேறு பெட்டியை மட்டும் பொருத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அதன் வளையங்களும் அதே கசிவுக்குப் பலியாகியிருக்கும். அதனையும் நாம் குறை கூறியிருப்போம்.

அன்று வீடு திரும்பும் வழியில் என் நெஞ்சம் அமைதி கொள்ளவில்லை. நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதலாண்டில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் உறங்குவான், எழுப்பினால் சீறுவான், பிற மாணவரை அடிப்பான். புகார்கள் குவிந்தன. அவனை வேறு பள்ளிக்கு அழைத்துச் செல்லுமாறு தாயிடம் கூறினேன். அவர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார். பள்ளியில் ஓசை அடங்கியது, நானும் மகிழ்ந்தேன். தந்தை நோயுற்றுக் கிடக்க, விடியுமுன் தாயுடன் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டே அவன் பள்ளிக்கு வந்தான் என்பதைச் சில மாதங்கள் கழித்தே கேள்வியுற்றேன். புதிய பள்ளியிலும் அவனைப் பற்றி அதே புகார்தான் எழுந்ததாம்.

குழந்தையின் நடத்தை ஓர் அறிகுறியே என்று ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றிருந்தேன். நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவரை வகுப்பில் பலமுறை விளக்கியுமிருந்தேன். ஆயினும் அந்தத் தாயிடம் ஒரு கேள்வியேனும் கேட்கத் தவறினேன். பட்டறைக்காரர் வண்டிக்கடியில் படுத்தார். நானோ நாற்காலியை விட்டும் எழவில்லை.

மாற்றுதல் எப்போதுமே தவறு என்று நான் கூற வரவில்லை. பெட்டியின் கூடு பிளந்திருந்தால், பற்கள் ஒடிந்திருந்தால், வேறு பெட்டி பொருத்துவதே அறிவுடைமை. ஒரு மாணவனுக்கு வேறு பள்ளியே நன்மை தரும் நிலையும் உண்டு. ஆனால், ஏன் கெட்டது என்று கேளாமல் மாற்றுவது செப்பமாகாது. குற்றத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்துவதாகவே அது முடியும்.

பிக்கப் இப்போது ஓசையின்றி ஓடுகிறது. அது பள்ளி வாயிலில் வந்து நிற்கும்போதெல்லாம் அச்சிறுவன் என் நினைவிற்கு வருகிறான். இனி என் மேசைக்கு மாற்றல் கடிதம் வந்தால், கையொப்பமிடுமுன் அந்த மாணவனின் வீட்டுப் படியை ஒருமுறை மிதித்து வருவது என உறுதி பூண்டுள்ளேன். காலங்கடந்த உறுதிதான், எனினும், இனி வரும் பிள்ளைகளுக்கேனும் அது உதவட்டும்.