எவ்வளவு போட்டனீங்கள்?

ஐவர்மெக்டின் ஊசிமருந்து மாட்டை நினைத்துச் செய்யப்பட்டது. ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கும். 50 கிலோ உடம்புக்கு அது போதும். மாரி தொடங்கி, சொறி பிடித்த நாய்க்குட்டிகளை யாழ்ப்பாணத்தில் சனம் தூக்கி வரும்போதும் அதே போத்தல்தான். இரண்டு கிலோக் குட்டிக்கு 0.04 மில்லிலீற்றர் காணும். மூன்று மில்லி சிரிஞ்சில் அது முதற்கோட்டின் பாதிக்குக்கூட வராது. எங்கள் குட்டிக்கு 0.4 ஏறிவிட்டது.

பின்னேரமே கால்கள் பின்னத் தொடங்கின. கண்மணி விரிந்து, ரோர்ச் அடித்தும் சுருங்கவில்லை. வாயில் வீணீர். ஊசி போட்ட மிருக டொக்டருக்குப் போன் அடித்து, "என்ன மருந்து, எவ்வளவு போட்டனீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணை, அளவு கூடிப் போச்சு. என்ரை பிழைதான். உடனை கொண்டு வாங்கோ" என்றார். இந்த மருந்துக்கு முறிமருந்து கிடையாது. சேலைன் ஏற்றி, உடம்புச் சூட்டைக் காத்து, மருந்து தானாக இறங்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான். வளர்ந்த நாய் என்றால் தாங்கியிருக்கலாம். குட்டி செத்துப்போனது.

அயலில் இரண்டு கட்சி. "றோட்டிலை எத்தினை குட்டி கிடக்கு, இன்னொண்டைத் தூக்குங்கோ" என்றது ஒன்று. "சும்மா விடாதேங்கோ, பேஸ்புக்கிலை போடுங்கோ" என்றது மற்றது. கேட்க நேர்மாறாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரே குணம். நடந்தது என்ன என்று அறிகிற அக்கறை இரண்டு பக்கத்திலும் இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். காசு இல்லை. சட்டத்துக்கு நாய் ஓர் உடைமைதான். தெருவில் எடுத்த குட்டிக்குச் சந்தையில் விலையும் இல்லை. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி மிருக வைத்தியர்களைப் பதிவு செய்யும் சபைக்கு எழுதலாம். அளவை மறைத்திருந்தால் எழுதித்தான் இருப்பேன். ஆனால் அவர் மறைக்கவில்லை. பிழையை ஒத்துக்கொண்டவரோடு சண்டை பிடிப்பது கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கஷ்டமும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்டே ஆளின் வாயை அடைத்துவிடுகிற கெட்டிக்காரர்களும் ஊரில் உண்டல்லவா?

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. பிழை நடந்தால் தாங்களாகவே நோயாளியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நட்டஈடும் கொடுப்பது. வழக்குகள் குவியும் என்று பலர் பயந்தார்கள், ஆனால் குறைந்தன. அங்கே மன்னிப்போடு கதை முடிவதில்லை. பிழை எப்படி நடந்தது என்று தேடி, அடுத்த ஆளுக்கு நடக்காதபடி வேலைமுறையை மாற்றுவதும் சேர்ந்ததுதான் அந்த வழக்கம். எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான்.

எங்கள் டொக்டர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் பீடம் பேராதனையில் இருக்கும் ஒன்றுதான். கிராமத்து மிருக வைத்தியருக்குக் காலையில் 300 கிலோ மாடு, மத்தியானம் ஆடு, இடையில் கோழி, பின்னேரம் இரண்டு கிலோ நாய்க்குட்டி. தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் அளவு பத்து மடங்கு. அப்படிப் பார்த்தால் இந்தப் பிழை அவர் ஒருவருடையது மட்டுமல்ல. பெரிய சிரிஞ்சுக்கும் தராசு இல்லாத மேசைக்கும் இதில் பங்குண்டு. அதற்காக அவருடைய பொறுப்பு இல்லாமல் போய்விடாது. மேசையில் தராசு வைக்க வேண்டியவர் அவர்தானே.

பிறகு வேறு அலுவலாக அவரிடம் போனபோது கவனித்தேன். சிறிய தராசு ஒன்று வந்திருந்தது. இன்சுலின் போடும் மெல்லிய சிரிஞ்சுகள் இருந்தன. ஊசி ஏற்றமுன் எடையையும் அளவையும் சத்தமாகச் சொல்லி, அட்டையில் எழுதுகிறார். அவர் கேட்ட மன்னிப்பை நான் ஏற்றுக்கொண்டது தொலைபேசியில் அல்ல, அங்கேதான். மகள் இன்னும் ஏற்கவில்லை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். குட்டியை மடியில் வைத்திருந்தவள் அவள். அவளை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ கொண்டு போகிறவர்கள் எடை பார்க்காமல் ஊசி போட விடாதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் அட்டையில் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். இரவில் வேறொரு டொக்டரிடம் ஓட நேர்ந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த அட்டைதான்.