வாழைத்தோட்டத்தில் எது தொடர்கிறது?

முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூர் வட்டாரம் வாழைக்குப் பேர்போனது. ஒரு வாழை ஒரே ஒரு தார்தான் ஈனும். தார் வெட்டியதும் தாய்மரம் சாய, அதன் கிழங்கில் முளைத்த பக்கக்கன்று அந்த இடத்தில் நிமிர்கிறது. உண்ணும் வாழைக்கு முளைக்கும் விதை இல்லாததால், தாத்தா நட்ட செவ்வாழையும் பேரன் வெட்டும் செவ்வாழையும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றே. தாத்தா நட்ட மரமோ என்றைக்கோ மட்கி மண்ணாகிவிட்டது. அப்படியானால் தொடர்வது எது? குடும்பத் தோட்டத்தில் கன்று சுமந்த பிள்ளையும், முதுமையில் அதை நினைக்கும் மனிதரும் ஒருவர்தானா என்பதும் இதே கேள்விதான்.

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக், 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், நினைவு எட்டும் தூரம்வரை ஆள் ஒருவரே என்றார். தோட்டவேலை இதற்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. அகன்ற இலை விட்ட நீர்க்கன்றை அறுத்தெறிந்துவிட்டு, ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக்கன்றை நிறுத்தக் கைக்குத் தெரியும். எந்த நாளில் கற்றது என்று கேட்டால் விடை இராது. நினைவு அழிந்த பிறகும் வேலை உடம்பில் இருக்கிறது.

பாலி நூலான 'மிலிந்த பஞ்ஹ'வில் பௌத்தத் துறவி நாகசேனர் மன்னன் மிலிந்தனுக்கு ஒரு மாங்காய்த் திருடனைக் காட்டுகிறார். உரியவன் நட்ட பழம் வேறு, தான் பறித்தது வேறு, ஆகவே குற்றமில்லை என்பது திருடனின் வாதம். பறித்தது நட்டதிலிருந்தே வந்தது என்று மன்னன் அதைத் தள்ளுகிறான். மாறாத ஆன்மா ஒன்று இல்லாமலே காரணத் தொடர் வினையைச் சுமந்து செல்லும் என்று காட்டவே நாகசேனர் இதைச் சொன்னார். வாழைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

மனிதருக்கு இது போதுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே கொண்டது. அதன் மூன்றாம் சூத்திரம், உடலை 'எனது' என்று ஒருவர் சொல்வதையே, உடலினின்று வேறான ஆன்மா உண்டு என்பதற்குச் சான்றுகளில் ஒன்றாக வைக்கிறது. கை கற்றதையும் 'என் கை கற்றது' என்றே ஒருவர் சொல்கிறார். லாக்கின் நினைவு தவறவிட்ட கைப்பழக்கத்துக்கும் இங்கே உரியவர் ஒருவர் கிடைக்கிறார். சைவ சித்தாந்தத்தின் பெரும்பலம் இதுவே. கன்று நிமிர்ந்தது தாய்மரத்துக்குத் தெரியாது. தந்தையோடு தண்ணீர் பாய்ச்சிய இரவை எண்ணிக் கலங்குபவருக்கோ, போனது எது, இருப்பது எது என்று தெரியும். காரணத் தொடர் அந்த இரவிலிருந்து இன்றுவரை வந்து சேர்கிறது. கலக்கம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை.