எது முதலில் வளைய வேண்டும்?

பழைய லாண்ட் ரோவர் டிபென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் அந்த ஆசை வந்தே தீரும்: ஸ்டியரிங் ரொட்டைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒன்றைப் போட வேண்டும். எங்கள் ஊரான முந்தலில் அதற்கு நியாயமும் உண்டு. மேற்கே களப்பு, அதற்கப்பால் கடல். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வடக்கே புத்தளம் தாண்டி எலுவன்குளத்துப் பக்கம் காட்டுப் பாதையில் இறங்கினாலோ, மணலுக்குள் மறைந்திருக்கும் மரக்குற்றி ஒன்றே போதும்.

என் வண்டிக்கும் அப்படித்தான் ஆனது. முன்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் ட்ராக் ரொட், டிபென்டரில் அச்சுக்குப் பின்னால் கிடக்கிறது. வெறும் குழாய்தான். அது வளைந்து ஸ்டியரிங் கைகளின் பின்முனைகளை உள்ளே இழுத்ததில், சில்லுகள் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்து நின்றன. ஆனாலும் மெல்ல மெல்ல உருட்டி ஊர் வந்து சேர முடிந்தது.

கராஜில் மெக்கானிக் நானா அதைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் உருட்டிக் காட்டினார். நடுப்பகுதி எழும்பி எழும்பி விழுந்தது. “தடிச்சதாப் போடலாம் தம்பி. ஆனா அடுத்த அடி எங்க போய் விழும்?” என்று கேட்டார்.

ரொட் வளையாவிட்டால் அடி அதோடு நின்றுவிடாது. ஸ்டியரிங் கைகளைப் பிடித்திருக்கும் போல்டுகளுக்கும், பந்து மூட்டுகளுக்கும், சில சமயம் ஸ்டியரிங் பெட்டிவரைக்கும் போகும். வளைந்த குழாய் கண்ணுக்குத் தெரியும். வெடிப்பு விட்ட போல்ட் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும்.

எனக்கு உடனே அப்பாவின் நினைவுதான் வந்தது. யாரிடமும் கைநீட்டாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். பணமுடை நெருக்கிய காலத்திலும் அந்தப் பெயர் கெடவில்லை. அம்மாவின் காப்பு அடகுக்கடைக்குப் போனதும், அக்கா படிப்பை நிறுத்தியதும் அதே காலத்தில்தான். அப்பா வாங்காத அடியை அவர்கள் இருவரும் வாங்கினார்கள். அவருடைய உறுதியை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்காகத் தொட்டதற்கெல்லாம் வளைகிற ரொட்டும் உதவாது; வண்டி நேராகப் போகாது. நானாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: சற்றே தடித்த சுவருள்ள குழாய், புதிய பந்து மூட்டுகள், புதிய போல்டுகள். வளைந்ததைக் காய்ச்சி நிமிர்த்தவோ, வெல்டிங் வைக்கவோ அவர் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. ஸ்டியரிங் கைகளின் சாய்வையும் மாற்ற விடவில்லை. வளைவில் உள்சில்லு வெளிச்சில்லைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும்; அந்தச் சாய்வு அதற்காகத்தான். ஜேர்மனியில் வண்டி செய்த லாங்கன்ஸ்பெர்கரின் இந்த ஏற்பாட்டுக்கு, 1818இல் அக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். குதிரை வண்டிக் காலத்துக் கணக்கு இன்றைய ஜீப்பிலும் ஓடுகிறது.

இப்போதெல்லாம் வீட்டில் பணமுடை வந்தால், மனைவி தானாகக் கண்டுபிடிக்கும்வரை நான் காத்திருப்பதில்லை. அன்றிரவே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.