யார் சொன்னால் நிற்கும்?

முதலியார்பேட்டையில் உடம்பு முடியாமல் போகிறவர்களுக்கு வழி பழகிய வழிதான். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஆகாது என்றால் அரசு பொது மருத்துவமனை, நம்ம சனங்க வாயில் பெரியாஸ்பத்திரி. அதுக்கும் மேல என்றால் கோரிமேட்டு ஜிப்மர். மில்லையும் அன்றாடக் கூலியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரி வாசல், நகை அடகுக்குப் போன பிறகுதான் திறக்கும். ஆகவே அரசு ஆஸ்பத்திரியின் தரம் நமக்கு உசிர்ப் பிரச்சினை. (சாதிப் பட்டத்தைப் பேட்டையின் பேராகச் சுமந்துகொண்டு, அதே வாயால் 'இங்க சாதியெல்லாம் யாரு பாக்குறா' என்று கேட்கிற ஊர் இது. அதையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.)

தரம் என்றால் புதுக் கட்டிடம், டைல்ஸ் தரை, ஸ்கேன் மிஷின் என்றுதான் பேச்சு. 2013-இலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேசியத் தர அளவுகோல்கள் இருக்கின்றன. 2015-இலிருந்து சுத்தத்துக்கு 'காயகல்ப்' விருது. 2019-இலிருந்து செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக உலக சுகாதார நிறுவனம் கொண்டாடுகிறது. இதெல்லாம் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வார்டில் தப்பு நடக்கும்போது அதை முதலில் பார்க்கிறவர் யார், பார்த்தவர் வாய் திறக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு டைல்ஸ் பதில் சொல்லாது.

ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். கிடைத்த பதில்: 'நீ உன் வேலையப் பாரு.' அதற்கப்புறம் அவர் சொல்வதில்லையாம். 'நமக்கெதுக்கு சார், நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டா?' வார்டில் அதிக நேரம் இருப்பது அவர்தான். கட்டிலுக்கு அடியில் குனிகிறவர், சிந்தியதைத் துடைக்கிறவர், ராத்திரி முனகலைக் கேட்கிறவர். பெரிய டாக்டர் வந்துபோகும் சில நிமிஷங்களில் பார்க்காததை எல்லாம் இவர் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு ஆஸ்பத்திரியில் மதிப்பில்லை, ஏனென்றால் அது கீழேயிருந்து வருகிற பார்வை.

'இதுல சாதி எங்க வந்துச்சு, வேலைப் பளுதானே' என்று கேட்பார்கள். பளு நிசம். ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்க்க முடியும்? அந்த ஆள் பற்றாக்குறைக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பளு அதிகமாகும்போது யாருடைய சொல் முதலில் தள்ளுபடியாகிறது என்று பாருங்கள். துடைப்பம் யார் கையில், ஸ்டெதாஸ்கோப் யார் கழுத்தில் என்பதை இந்த நாட்டில் தேர்வு மார்க் மட்டும் முடிவு செய்ததில்லை.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் 1929-இல் வெளியான ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத ஒரு பள்ளி ஆசிரியர். பிரசவம் ஆன மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு வருகிறார், அதுவும் சேரிக்கு வெளியே. பிள்ளை பெற்ற உடம்போடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் ஆசிரியரிடம், ஆசிரியர் மனைவியிடம். திரும்பியதும் அதே வழியில்தான். நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெண் செத்துப் போகிறார்.

அந்த டாக்டரின் படிப்பில் குறை சொல்ல முடியாது. தெர்மாமீட்டரைப் பார்த்தார், நோய்க்குப் பேர் வைத்தார். அவர் படிப்புக்கும் அந்த உடம்புக்கும் நடுவில் மூன்று கை இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்குத் தெர்மாமீட்டர் நேராக வருகிறது. சொல்தான் இன்னும் கைமாறிக் கைமாறிப் போகிறது: பெருக்குகிறவரிடமிருந்து ஆயாவுக்கு, ஆயாவிடமிருந்து நர்ஸுக்கு, நர்ஸிடமிருந்து பயிற்சி டாக்டருக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திப் போகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதற்கு ஆஸ்பத்திரி வார்டு ஒரு நல்ல வரைபடம்.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் அறைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் வைத்துப் பார்த்ததில் சாவு நூற்றுக்கு 1.5 என்றிருந்தது 0.8 ஆகக் குறைந்தது. அதில் ஒரு அம்சம் வேடிக்கையானது: கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பேரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேர் சொன்ன ஆள் அடுத்த அரை மணியில் 'சார், பஞ்சு எண்ணிக்கை சரியில்ல' என்று சொல்லவும் துணிவார். 'ஏய்', 'இந்தாம்மா' என்று மட்டுமே கூப்பிடப்படுகிறவர் எப்படிச் சொல்வார்?

சொன்னவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞர் 2016-லேயே ரத்தம் கொடுத்து, கிருமி இருப்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும் தானே முன்வந்து ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. பிறகு விஷம் குடித்துச் செத்தார். வேலை பறிபோனது கீழ்நிலைப் பரிசோதனை ஊழியர்களுக்கு. இரண்டு வருஷமாக ஒரு முடிவை உரியவருக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஏற்பாட்டை யார் சஸ்பெண்ட் செய்வது? ஊழியர்கள் செய்தது தப்பில்லை என்று வாதாட வரவில்லை. தண்டனை மட்டுமே தெரிந்த இடத்தில் அடுத்த தப்பு மூடி மறைக்கப்படும் என்கிறேன்.

இன்னொரு வாய்ப்பூட்டு 'இலவசம்'. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியை வெளியே நிறுத்தியது. காசு கொடுத்தவர் நுகர்வோர், கொடுக்க வழியில்லாதவர் யார்? வேறு கோர்ட்டுக்குப் போகலாம்தான், கூலி எத்தனை நாளைக்குப் போகும்? ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு தொழிலாளி பல அரசு ஆஸ்பத்திரிகளில் திருப்பி அனுப்பப்பட்ட மேற்கு வங்க வழக்கில், 1996-இல் அதே நீதிமன்றம் அவசர சிகிச்சை வாழ்வுரிமையில் சேரும் என்று சொல்லி 25,000 ரூபாய் கொடுக்க வைத்தது. இரண்டாவது தீர்ப்பு நம்ம சனங்களுக்குத் தெரியவே தெரியாது. முதலாவது, கேட்காமலே தெரியும்: 'ஓசில பாக்குறாங்க, என்னத்தக் கேக்குறது.' ஓசி எங்கே இருக்கிறது? வாங்குகிற தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம்.

நம்மவர்கள் ரோடியர் மில் என்று சொன்ன ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே இழை அறுந்தால் தறியை நிறுத்தியவர் தறி முன்னால் நின்ற தொழிலாளி. மேஸ்திரியைக் கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. கேட்கப் போனால் துணி பாழாகும். 1936 ஜூலை 30-இல் 12 பேர் சுடப்பட்டுச் செத்து, அதற்கப்புறம் வேலை நேரத்துக்கு 8 மணி என்று வரம்பு வாங்கிய மில் தொழிலாளர் பரம்பரை இந்த ஊருக்கு உண்டு. அந்தப் பரம்பரையின் பேத்திகள் இன்று ஒப்பந்தக் கூலியாக வார்டில் துடைப்பத்தோடு நிற்கிறார்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்க 'ரோகி கல்யாண் சமிதி' என்று ஒன்று 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தோடு பரவியது. அதிகாரிகளும் டாக்டர்களும் மக்கள் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அங்கே வார்டு பெருக்குகிற பெண்ணுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், அவர் சொன்னதை அவர் பேரோடு பதிவேட்டில் எழுதுங்கள் என்று முதலியார்பேட்டையிலிருந்து ஒரு மனு போனால் என்ன பதில் வரும்? பதில் எழுதப்போகிறவர் யார் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் மனுவை எழுதத்தான் வேண்டும்.